பனியன் கம்பெனியில் குடியேறிய சாரையும் சிட்டும்

தோட்ட வேலை என்பது பாதி நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மீதி நேரம் செடிக்காக வக்காலத்து வாங்குவது. மண்வெட்டி பிடித்த உங்களுக்கு இது தெரியாததல்ல. தொண்ணூறுகளில் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த காலியிடத்தை என்னிடம் ஒப்படைத்தார். உழாமல், மருந்தடிக்காமல், குருவிக்கும் தவளைக்கும் இடம்விட்டுத் தோட்டம் போடுவேன் என்றேன். அவர் காதில் ‘தோட்டம்’ மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி

இடம் முழுக்கப் பார்த்தீனியம். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. பழைய பேக்கிங் பெட்டிகளைப் பிரித்து நெருக்கமாகப் பரப்பி, மேலே சருகும் சாணியும் கொட்டினேன். வெயில் படாவிட்டால் களை முளைக்காது. அட்டையும் மக்கி உரமாகிவிடும். மேனேஜர் வந்து பார்த்தார்.

“ஏனுங்க, குப்பைய அள்ளத்தானுங்க உங்களக் கூப்பிட்டோம்?”

சாரை

சின்னதாக ஒரு குட்டை வெட்டினேன். தவளை வந்தது. தவளையைத் தேடிச் சாரைப்பாம்பு வந்தது. ஒருநாள் அது தையல் செக்‌ஷன் வாசலைக் கடக்க, எல்லோரும் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். மெஷின்கள் நின்றன. சாரைக்கு விஷமில்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. குட்டையை உடனே மூடச் சொன்னார் முதலாளி.

மண்வெட்டியை எடுத்தேன். அப்போதுதான் குடோன் பார்க்கும் பழனிச்சாமி குறுக்கே வந்தார். அந்தப் பாம்பை அவர் ரொம்ப நாளாகவே குடோனில் பார்த்து வருகிறாராம். வெளியே மூச்சு விடவில்லை. அது வந்ததிலிருந்து எலி துணியைக் கடிப்பது நின்றிருந்தது. அவர் முதலாளியிடம் சொன்ன ஒரே பேச்சில் குட்டை பிழைத்தது:

“பாம்பு கடிச்சா ஒரு ஆளுதானுங்க மொதலாளி. எலி கடிச்சா மொத்த ஷிப்மெண்ட்டும் போச்சுங்க.”

சிட்டு

அடுத்த வருஷம், கன்டெய்னர் லாரி திரும்புவதற்காக வேலியோரப் புதரை வெட்ட உத்தரவு வந்தது. நான் நட்டு வளர்த்த புதர். அரிவாளோடு போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன். செக்கிங் செக்‌ஷன் சரோஜாக்கா சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்தவர், ஓர் இலையை விலக்கிப் பார்த்துவிட்டு, முதலாளியைக் கையோடு கூட்டிவந்தார். தையல்சிட்டு, அத்தியிலை இரண்டை எங்கள் ஆர்டரின் சிவப்பு நூலாலேயே சேர்த்துத் தைத்திருந்தது. உள்ளே குஞ்சுகள். முதலாளி குனிந்தவர் நிமிரவில்லை. “தையல் எப்படிம்மா?” என்றார். சரோஜாக்கா பனியனில் குறை தேடுவதுபோலவே பார்த்தார்.

“பிசிறு தொங்குதுங்க. ஆனா ரிஜெக்ட் பண்ண மாட்டனுங்க.”

விருந்தாளிகள்

குஞ்சு பறக்கட்டும் என்று வெட்டு தள்ளிப்போனது. அதற்குள் லாரிக்கு முன்பக்கம் வேறு கேட் வைத்துவிட்டார்கள். பிறகு யார் கம்பெனிக்கு வந்தாலும், மெஷினைக் காட்டுவதற்கு முன் முதலாளி புதரைக் காட்டினார்.

“நம்ம நூல எடுத்து, நமக்கே தெரியாம ஓவர்டைம் பாத்துருக்குதுங்க.”

காட்டு உயிர்களெல்லாம் கூப்பிடாமலே வந்து குடியேறிவிட்டன. பழக்கி எடுக்க வேண்டியிருந்தது கம்பெனிக்காரர்களைத்தான்.