முந்திரிக்காட்டுக்கு எந்த ஃபிலிம்?

2012 பொங்கல் முடிந்த கையோடு கடலூர் போனேன். பிச்சாவரம் அலையாத்திக் காட்டைக் கலர் நெகட்டிவில் எடுக்க வேண்டும் என்பது பல நாள் திட்டம். ஆனால் சில வாரம் முன்னால் அடித்த புயலில், பண்ருட்டிச் சாலைப் பக்கம் இருந்த மாமாவின் முந்திரிக்காடு முழுக்க விழுந்திருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. படம் எடுக்கப் போகிறேனா, துக்கம் விசாரிக்கப் போகிறேனா என்று எனக்கே தெளிவில்லை.

பையில் இரண்டு வகை ஃபிலிம் இருந்தது. ஒன்று நூறு ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்தை மெதுவாகப் பிடிப்பது: படம் வழவழப்பாக இருக்கும், சிவப்பும் பச்சையும் அடர்த்தியாக விழும். மற்றது நானூறு: கல்யாண வீடுகளில் முகம் எடுக்கப் போடுவது, நிறம் அடக்கமாக இருக்கும். இயற்கைக் காட்சிக்கு நூறுதான் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் கடலூர் நாலரை மணி நேரம். ஊருக்குள் செம்மண்டலத்தில் மாமா வீட்டுக் கதவைத் திறந்த அத்தை, குரலைத் தாழ்த்தி, "புயலுக்கு மறுநா போய்ப் பாத்துட்டு வந்தாரு. அப்புறம் அந்தப் பக்கமே போவல" என்றார். உள்ளே மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வா மாப்ள" என்றார். திரும்பவில்லை.

சாயங்காலம் அவர் மகன் செல்வம் வண்டியில் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனான். விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்ற மறுநாளைக்கு ஆள் பேசியிருந்தார்கள். "அதுக்குள்ள எடுத்துடு மச்சான். அப்பா ஒருநா கேப்பாரு" என்றான்.

மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மஞ்சள் வெயிலில் செம்மண் கனன்றது. நூறைப் போட்டு எடுக்க ஆரம்பித்தேன். நாலைந்து படம் ஆனதும் செல்வம், "எப்புடி வரும்?" என்று கேட்டான்.

"நல்லா வரும். மண்ணு செக்கச்செவேல்னு காலண்டர் மாதிரி இருக்கும்."

அவன் முகம் மாறியது. "காலண்டர் மாதிரியா? எங்கப்பா வயசு பூரா இதுலதான் போச்சு மச்சான். அழகா வந்துச்சுன்னா, பாக்கறவன் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

பாதியிலேயே ஃபிலிமைச் சுற்றி வெளியே எடுத்தேன்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் நானூறைப் போட்டேன். வெளிச்சம் ஒரு மடங்கு கூட விழட்டும் என்று ஒளி அளக்கும் மீட்டரை இருநூறில் வைத்தேன். நெகட்டிவுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை. குறைந்தால்தான் நிழலில் இருப்பது தெரியாமல் போகும். சாய்ந்த கிளைகளுக்கு அடியில் கிடப்பதும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

ரம்பம் ஓடத் தொடங்கியபோது மாமா வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். ஒன்றின் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டார். "இதான் நான் வெச்ச மொத கன்னு. என்னையும் சேத்து எடு மாப்ள."

எடுத்தேன். மரங்களை லாரியில் ஏற்றிய பிறகு வெறும் தரையையும் எடுத்தேன்.

அன்றைக்கே சிதம்பரம் கிளம்பினேன், நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிச்சாவரம் போனேன். "புயல்ல இங்க ஒண்ணும் ஆவலையா?" என்று படகோட்டியிடம் கேட்டேன். "தண்ணி ஏறுச்சு, எறங்குச்சு. வேரு புடிச்சிக்கிச்சு சார்" என்றார். அங்கே நூறுதான் சரி. பச்சையிலேயே பல பச்சை, ஒன்றோடொன்று கலக்காமல் வரும். காலையில் சீக்கிரம் போங்கள். ஃபிலிமைப் படகில் வெயில் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு வகையும் கையில் இருக்கட்டும். இப்போது இந்தப் பக்கம் கடைகளில் கேட்டால் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை.

பிரிண்டுகளோடு செம்மண்டலம் திரும்பினேன். மாமா எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தான் நின்ற படத்தைச் சட்டென்று தாண்டிவிட்டார். மரம் பெயர்ந்த வெறும் தரை தெரிந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். அந்த மண் மங்கலான செம்மை, உள்ளது உள்ளபடி.

"மரம் வளந்த பொறவு இந்த எடத்துல வெயிலு உழுந்து நான் பாத்ததே இல்ல" என்றார். வாசலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

மாமா படத்தைச் செல்வத்திடம் நீட்டினார். "கன்னு வெச்சிட்டு, ஊடால ஆடிக்கு மல்லாட்ட போடலாண்டா. வெயிலு நல்லா உழுவுது."