இளம் ராசாவின் நரைத்த மீசை

தேங்காய் எண்ணெயில் குழைத்த "முத்துவெள்ளை" என்ற வேடப் பொடி முகத்தில் காயும்போது தோல் இழுபடும், சிரித்தால் வெடிக்கும். எழுவைதீவில் கோயில் பெருநாள் கூத்துக்காக அதை முதன்முதலில் பூசியபோது எனக்குப் பன்னிரண்டு வயது, ஆனால் நான் பூசியது கிழட்டு ராசா வேடத்துக்கு.

எங்கள் கூத்தில் ஒரே ராசாவை இரண்டு பேர் ஆடுவார்கள்; துள்ளி வரும் இளம் ராசாவுக்கு இளந்தாரி, பிற்பாதிக்கு வயதானவர் என்பது வழக்கம். அப்பாவின் மூத்த அண்ணனான பெரியையா, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட அந்த வருடம், இளம் ராசாதான் வேண்டுமென்று ஒரே பிடியாக நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு உந்தத் துள்ளல் ஏலாது. கிழட்டு ராசாவாக் கதிரையில இருங்கோ" என்றார் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார்.

"இருக்கிறதெண்டா வீட்டில கதிரை கிடக்குது. நான் ஆட வந்தனான். கிழட்டு ராசாவை இந்தப் பெட்டை ஆடட்டும்" என்று பெரியையா என்னைக் காட்டினார்.

"பொம்பிளைப் பிள்ளை ராசாவோ?"

"என்ர நரைக்கு மை பூசலாமெண்டா, இவளுக்குத் தாடி ஒட்டேலாதோ?"

அவர் விழுந்தால் இனி மேடைப் பக்கமே வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார்கள். பிறகென்ன, நான் ஒற்றைக்காலில் கெந்தி விளையாடுவதை, துள்ளலைப் பழக, அவர் உற்றுப் பார்ப்பார். அவர் முழங்காலைப் பிடித்து எழும்புவதை நான் பார்த்து ஆடிக் காட்டுவேன். "நான் உப்பிடியே எழும்பிறனான்?" என்று சீறுவார். எனக்குச் சிரிப்பாகவும் பாவமாகவும் இருக்கும்.

பெருநாளன்று பொழுதுபட, முதல் வரவு, இளம் ராசா துள்ளி ஆடி மேடைக்கு வரும் கட்டம். இரண்டாம் சுற்றில் அவருடைய கால் மடங்கியது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தக் கை காட்டினார். "ஆரடா நிப்பாட்டச் சொன்னது? அடியடா!" என்று பெரியையா கத்தியதில் பந்தலே எழுந்து நின்றது. மை வழிந்து மீசை மறுபடி நரைத்துப்போக, மிச்சச் சுற்றையும் ஆடி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அந்தக் கோபத்தை நான் அன்றே விரும்பினேன்.

இன்று பெரியையா உயிரோடு இல்லை; அந்தப் பந்தலும் இல்லை, இப்போது சீமெந்து மேடை. பெண்கள் ஆடக்கூடாது என்ற பேச்சும் ஒழிந்தது, நல்லது. வயதைப் பற்றிய பேச்சு மட்டும் ஒழியவில்லை. போன கிழமை புது அண்ணாவி, என் மகன் வயதுப் பெடியன், வந்து, "அக்கா, நீங்கள் பின்னால நிண்டு பாடினாக் காணும்" என்றான்.

"ஏலாது. முதல் வரவு எனக்கு" என்றேன்.

நேற்று ஒத்திகையில் என் முழங்கால் சத்தம் போட்டது. போடட்டும், மத்தளத்தை இன்னும் உரக்க அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.