நாலாவது படத்தின் பட்டன்

1. புது வேலை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஒன்பதாம் நாள் எனக்குப் புது வேலை கிடைத்தது. மட்டக்களப்பு டவுனில் ஒரு நிவாரண அலுவலகம். மேசை புதிது, கதிரை புதிது, கம்பியூட்டர் புதிது. நான் ஒருவன்தான் பழசு.

அதற்கு முன் கல்லடியில் ஒரு அச்சுக்கூடத்தில் மரண அறிவித்தல் அடித்துக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. முதலில் ஈய எழுத்துக் கோத்தேன். முதலாளி கம்பியூட்டர் வாங்கிப் போட்டதும் மௌஸ் பிடித்துப் பக்கம் அமைக்கப் பழகினேன். தண்ணீர் வற்றிய பிறகு அந்த முதலாளி மெஷினுக்குள் இருந்து ஒரு கெளுத்தியை வாலில் பிடித்து எடுத்தார். அந்தக் கதை நீளம், விடுவோம்.

முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் உறவு தெரியாமல் தனித்துக் கிடந்தவர்களைப் படம் எடுத்து வந்து தருவார்கள். அந்தப் படங்களை இன்டநெட்டில் ஒரு பக்கமாகப் போடுவதுதான் என் வேலை. படத்துக்குக் கீழே 'எங்கே இருக்கிறார்' என்று ஒரு பட்டன். அதை அமர்த்தினால் இடத்தின் பெயரும் அங்கே அவருக்குக் கொடுத்த நம்பரும் வரும். ஆளின் பெயர் வராது. பொய் சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள், அதனால் தேடி வருகிறவரே பெயரைச் சொல்லட்டும் என்று அலுவலகத்தில் முடிவு.

என்னோடு வேலை செய்தவள் ரிஃபாயா. ஏறாவூர்ப் பிள்ளை, வந்தாறுமூலை கெம்பஸில் கம்பியூட்டர் படித்தவள். அவளுக்குக் கோட் எழுதத் தெரியும். எனக்குக் கண் அளவு தெரியும்.

2. ஆணி அடித்த மாதிரி

ஒரு வரிசைக்கு நாலு படம் வைத்தேன். பட்டன்களைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் மௌஸால் இழுத்து, படத்தின் நடுவுக்கு நேர்கீழே விட்டேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. ரிஃபாயா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன், படத்தையும் பட்டனையும் ஒரு பெட்டிக்குள்ள போடுவம். படம் அசைஞ்சா பட்டனும் கூடப் போகும்."

"படம் ஏன் புள்ள அசையப் போகுது? சுவர்ல ஆணி அடிச்ச மாதிரியெல்லோ இரிக்கு."

"உங்கட சுவர்ல இரிக்கு, அண்ணன்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். எல்லாவற்றையும் பெட்டியில் போட இன்னொரு நாள் பிடிக்கும், வெளியே சனம் நிற்கிறது என்று சொல்லி அப்படியே ஏற்றிவிட்டேன். அவசரம் உண்மைதான். ஆனால் அவசரத்தைவிட எனக்கு என் கண் மீது இருந்த நம்பிக்கைதான் பெரிது.

3. யோகன்

பக்கம் ஏறி மூன்றாம் நாள், மத்தியானம், ஒரு மனிசன் நேரே என் மேசைக்கு வந்தார். பெயர் யோகன், நாவலடியில் மீன்பிடிக்கிறவர். மனைவி வசந்தியைத் தேடுகிறார்.

"செங்கலடி நெட் கடையில பார்த்தன். என்ட பொஞ்சாதிட படம் கிடந்தது. கீழ அமத்தினன். வந்தாறுமூலை முகாம், இருபத்து மூணாம் நம்பர் எண்டு வந்தது. ஓடிப்போய் நம்பரைச் சொன்னன். பேரைக் கேக்க முதலே கூப்பிட்டுட்டாங்க. ஒரு பொம்பிள என்னவோ சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தா. அது வசந்தி இல்ல."

நான் என் திரையைத் திருப்பிக் காட்டினேன். வசந்தி முதல் வரிசையில் நாலாவது படம். இருபத்து மூன்று அடுத்த வரிசையின் முதல் படம்.

"நீங்க பிழையான பட்டனை அமத்தியிருப்பீங்க தம்பி."

"கண்ணுக்குக் கண் எண்ணி வலை கட்டுறவன் நான். எதுக்குக் கீழ எது இரிக்கெண்டு எனக்குத் தெரியாதா?"

நான் பட்டனை அமர்த்தியே காட்டியிருந்தால் அப்போதே விசயம் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் வாதாடிக்கொண்டு இருந்தேன். ரிஃபாயாதான் எழும்பினாள். "அண்ணன், அந்தக் கடைக்குப் போய்ப் பாப்பம், வாங்க." மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

கடையில் இருந்தது சின்ன மொனிட்டர். பக்கத்தைத் திறந்தோம். ஒரு வரிசைக்கு மூன்று படம்தான் இருந்தது. நாலாவதுக்கு இடம் போதாமல் வசந்தியின் படம் கீழே இறங்கி, இரண்டாம் வரிசையில் முதலாவதாக நின்றது. பட்டன்கள் மட்டும் நான் வைத்த இடத்திலேயே நின்றன. வசந்திக்குக் கீழே இருந்தது இருபத்து மூன்றின் பட்டன். முதல் மூன்று பேரைத் தவிர அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மற்றவருடைய பட்டன்.

யோகன் திரையைத் தட்டினார். "இஞ்ச பாருங்க ஐயா. நான் சொன்னனா இல்லையா?"

அச்சுக்கூடத்தில் போட்டோ பிளாக் என்கிற படக் கட்டையையும் அதன் கீழ் வரும் பெயரையும் ஒரே நூலால் சுற்றிக் கட்டாமல் மெஷினில் ஏற்றியதே இல்லை. ஒருவர் படத்துக்குக் கீழ் இன்னொருவர் பெயர் வந்தால் செத்தவீட்டில் அடி விழும். திரையில் ஈயமும் இல்லை, நூலும் இல்லை என்றவுடன் அதை மறந்துவிட்டேன்.

ரிஃபாயா பக்கத்தை வலது பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். விளிம்புக்கு அப்பால், படம் எதுவும் இல்லாத வெள்ளையில், நாலாவது பட்டன் தனியாக நின்றது. அமர்த்தினாள். அந்த நாளையில் பக்கம் வரச் சுணங்கும். யோகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'செங்கலடி ஆஸ்பத்திரி' என்று வந்தது.

"இந்தச் செங்கலடியா?" என்றார். பிறகு, "அந்த ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு முன்னால ரெண்டு தரம் பஸ்ஸில போயிட்டனே!"

நடந்தே போனோம். யோகன் ஓடினார். வசந்தி காலில் மாவுக்கட்டோடு கிடந்தா. அவரைக் கண்டதும் முதல் பேச்சு, "இவ்வளவு நாளும் எங்க போய்க் கிடந்த நீங்க?"

அவர் அழுதுகொண்டே என் பக்கம் கையைக் காட்டினார். "இந்த ஐயாட்டக் கேளு."

4. இருபத்து மூன்று

அன்றைக்கே அலுவலகம் திரும்பி அந்தப் பக்கத்தை இறக்கினோம். ரிஃபாயா சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு படத்தையும் அதன் பட்டனையும் ஒரு பெட்டிக்குள் போட்டேன். நான் சொன்ன அந்த 'ஒரு நாள்' முழுதாகப் பிடிக்கவில்லை. விளக்கு வைக்க முன் முடிந்துவிட்டது.

மறுநாள் வந்தாறுமூலைக்குத் தனியாகப் போனேன். இருபத்து மூன்றாம் நம்பர் பெண் புதுச் சீலை உடுத்திக்கொண்டு இருந்தா. வசந்திக்கென்று யோகன் கொண்டுபோனது. அவ உடுத்திருந்தது கிழிந்து கிடந்ததால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என் வேலையில் நடந்த பிழையை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தா.

"அதுக்கு மறுகா, என்னைத் தேடி ஆரும் வரல்லியா?"

"இன்னும் இல்ல, தங்கச்சி."

"நம்பரைக் கூப்பிட்டாங்க. செருப்பும் போடாம ஓடினன்."

அவ என்னை ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டியவர்களுக்கெல்லாம் பக்கம் செய்து கொடுத்தேன். ஒரு முதலாளி கடல் படத்தின் மேல் பட்டனை மிதக்கவிடச் சொன்னார். "சின்னத் திரையில பார்த்துட்டுத்தான் ஏத்துவன்" என்றேன். "ஹோட்டல் றூம்தானே, ஏன் இவ்வளவு யோசனை?" என்று சிரித்தார். நான் விடவில்லை. செங்கலடிக்கு பஸ் ஏறி, இருப்பதிலேயே சின்ன மொனிட்டரில் அமர்த்திப் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். படத்தையும் பட்டனையும் ஒரே பெட்டியில் போடுங்கள். உங்கள் திரையில் நேராக இருப்பதை நம்பாதீர்கள். பட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் செருப்பும் போடாமல் ஓடி வரக்கூடும்.