மூட்டைப்பூச்சிக்குப் பயந்து

ஜொகூரில் கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த முப்பதுகளின் ஆரம்பம் அது. ரெங்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பால் வெட்டிய தோட்டத்திலும் எங்கள் பேரை அடித்துவிட்டார்கள். எனக்குப் பத்தொன்பது வயது, கையில் பத்து மாதப் பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் நாயாய் அலைந்து, ஆயர் ஈத்தாமுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் கொண்டுவந்தார்.

அந்தத் தோட்டத்துக் கங்காணிதான் எங்களைக் கூட்டிப்போனார். லாரியில் ஏறும்போதே எச்சரித்தார்.

"அங்க டிரசர் ஒவ்வொருத்தரா உடம்பப் பாத்துத்தான் உள்ள விடுவாரு. தடிப்பு கிடிப்பு இருந்தா சொறின்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாரு. போன வாரம்கூட ஒரு குடும்பம் மூட்டப்பூச்சிக் கடியோட போயி அப்படியே திரும்பி வந்துச்சு. ராத்திரி தங்குற எடத்துல பாத்துப் படுங்க."

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் வேண்டாம் என்றால் துரையே கூப்பிட்டாலும் வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் எங்களுக்குச் சோறு கிடையாது. ரெங்கத்து லயத்து வீட்டையும் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

ஆயர் ஈத்தாம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆண்கள் ஒரு மளிகைக் கடையின் முன்தாழ்வாரத்தில் படுத்தார்கள். எனக்கும் குழந்தைக்கும் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரு பலகைக் கட்டில். விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். பலகை இடுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி. தரையிலோ சேறு.

எனக்கு உடனே அந்தத் திரும்பி வந்த குடும்பம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கடைக்காரரிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, துணியில் நனைத்து இடுக்கு முழுக்கத் தேய்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். புத்தி கேட்கவில்லை. பிள்ளையைக் கடித்துவிட்டால் என்ன செய்வது என்று, அதே துணியால் அவள் வயிற்றிலும் முதுகிலும் தொடையிலும் தடவி, பழைய சேலையில் இறுக்கிச் சுற்றிப் படுக்கவைத்தேன். லயத்தில் பெரியவர்கள் காலில் லேசாகத் தடவிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை. இரவு முழுக்க அழுதாள். பால் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு தட்டிக்கொடுத்தேன், பாவி நான்.

விடிந்ததும் நாற்றம் போகட்டும் என்று கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். மண்ணெண்ணெய் பட்ட இடமெல்லாம் சிவந்து, நீர் கோத்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு மூட்டைப்பூச்சிகூடக் கடித்திருக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் திட்டுவார் என்று மூடி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. என் முறை வந்ததும் சேலையை விலக்கினேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே மாரியாத்தா! அம்மா முத்துப் போட்டிருக்கா! தள்ளி நில்லுங்க எல்லாரும்!"

வரிசையே கையெடுத்துக் கும்பிட்டது. என் வீட்டுக்காரரும் கும்பிட்டார்.

டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பிள்ளைக்கு ஏதும் பூசினனீங்களோ? பயப்படாமச் சொல்லுங்கோ."

கேட்டார். கடவுள் சாட்சியாகக் கேட்டார். எனக்கு வாய் நீளம் என்று லயம் முழுக்கப் பேர். அன்றைக்கு அந்த வாய் அடைத்துக்கொண்டது. மண்ணெண்ணெய் என்றால் மூட்டைப்பூச்சியைச் சொல்ல வேண்டும், வேலை போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அத்தனை பேரும் அம்மா வந்திருக்கிறாள் என்று கும்பிட்டு நிற்கும்போது, இல்லை, வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் சனத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவளை விரட்டுகிற மாதிரி.

"ஒண்ணும் பூசலைங்கய்யா" என்றேன்.

அம்மை கண்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் வழியெல்லாம் பரவும், அவருக்கும் வேறு வழி இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்தார்கள். என்னையும் குழந்தையையும் காட்டோரம் இருந்த அம்மைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் மணல்வாரி அம்மை கண்டு, மேலெல்லாம் சிவந்து படுத்திருந்தன.

என் பிள்ளையின் கொப்புளம் நாலு நாளில் காய்ந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சோற்றுப் பானையை வைத்துவிட்டுப் போவார். அவரிடம்கூட வாய் வரவில்லை. "மூணு தண்ணி ஊத்தாம வெளிய போனா அம்மா கோவிச்சுக்குவா" என்று கொட்டகைப் பெண்கள் சொன்னார்கள், தலையாட்டினேன். வராத அம்மாவுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. இந்த முறை உண்மையாகவே வந்திருந்தது. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. அப்புறம் வெள்ளை படர்ந்தது. காய்ச்சல் விட்ட அன்று தரையில் இறக்கிவிட்டேன். தவழ்ந்து போனவள் நேராகக் கொட்டகைத் தூணில் போய் முட்டிக்கொண்டாள். திரும்பி இன்னொரு தூணில் முட்டினாள். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

"உயிர விட்டுட்டு கண்ண மட்டும் எடுத்துக்கிட்டா. நீ புண்ணியவதிடி" என்று பெண்கள் தேற்றினார்கள்.

வீட்டுக்காரர் சாகும்வரை அப்படித்தான் நம்பினார். மகளும் அப்படித்தான் நம்புகிறாள். தன்னை உயிரோடு விட்டதற்காக வருஷா வருஷம் மாரியம்மன் கோயிலில் பால்குடம் எடுக்கிறாள். தடுக்கி விழாமல் நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறேன். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும், பார்க்கச் சகிக்காது எனக்கு.

தோட்டப் பள்ளியில் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு வாராவாரம் இந்தப் பத்திரிகையை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறவளும் நான்தான். அட்டை முதல் அட்டை வரை ஒரு வரி விடக்கூடாது அவளுக்கு. அன்று டிரசரிடம் சொல்லாத பதிலை இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதிவிட்டேன். இது அச்சில் வந்தால், இந்தப் பக்கத்தை அவளுக்கு வாசிப்பேனா, சத்தமில்லாமல் தாண்டிப் போவேனா என்பது இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியவில்லை.