வயிற்றுத் தோல், எட்டுத் துண்டு

“படிச்சு முடிச்சிட்டு, மறுபடியும் தோலுக்கே வந்து நிக்கிறியா?”

திண்டுக்கல்லில் என் அம்மா வேலை செய்யும் தோல் தொழிற்சாலையின் மேஸ்திரி என்னிடம் கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோல் தொழில்நுட்பத்தில் பட்டயம் வாங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, ஆறு ஆட்டுத்தோல்களைச் சுருட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு ரயிலேறினேன்.

அங்கே பாளையத்துக்கு அருகில் ஒரு தேவாலயத்தில் நூறு வயது தாண்டிய குழல் ஆர்கன் இருக்கிறது. அதைச் செப்பனிடும் மார்த்தாண்டத்துக்காரர் ஜெயராஜ் அண்ணன், தோல் தேடி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். தோலின் வகைகளை அவருக்கு விளக்கியது நான்தான். “நீயே வந்து ஒட்டித் தா” என்று கூப்பிட்டுவிட்டார்.

தோல் சுருளின் மேல், தொழிற்சாலையில் ஓரம் வெட்டி ஒதுக்கும் வயிற்றுத் தோல் துண்டுகளை அம்மா உறைபோலச் சுற்றிக் கட்டியிருந்தார். “நல்ல தோல் கசங்காதுல்ல” என்றார். கழிவைச் சுமந்துகொண்டு போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பிரிக்கவில்லை.

முந்நூற்றறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நான்கு மணி வாக்கில் தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நாற்பது ரூபாய். ஓட்டுநர் இரண்டு முறை திரும்பி என் மூட்டையைப் பார்த்தார்.

“எந்தா சேச்சி, கருவாடோ?”

“இல்லண்ணே, ஆட்டுத்தோல்.”

“ஓ! செண்டைக்கோ?”

“சர்ச்சுல ஆர்கனுக்கு.”

“அதுக்குள்ள ஆடு உண்டோ!” என்று சிரித்தபடி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஆர்கனின் முன்புறம் பொன்வண்ணக் குழல்கள் ஆளுயரத்துக்கு நின்றன. நான் வந்த வேலை பின்புறம். அங்கே ஒரு கட்டில் அகலத்துக்குத் துருத்தி. மோட்டார் காற்றை நிரப்பினால் மேற்பலகை எழும். அதன் மேல் வைத்த இரும்புக் கட்டிகள் காற்றை அழுத்திக் குழல்களுக்கு அனுப்பும். பலகைகளை இணைப்பது தோல். பழைய தோல், தொட்டால் அப்பளமாக நொறுங்கியது.

“சனியாழ்ச்ச செக்ரட்டரி வந்து பாப்பாரு” என்றார் ஜெயராஜ் அண்ணன். “துருத்தில காத்து நிக்கலன்னா இத மூடிக்கிட்டு எலக்ட்ரானிக் கீபோர்டு வாங்கிருவாங்களாம். இப்பமே விலை கேட்டாச்சு.”

பக்கத்தில் நின்ற லீலா டீச்சர் நாற்பது வருடமாக இதை வாசிப்பவர். “கீபோர்டில காத்தே இல்லல்லோ மோளே. ஃபேனுக்குக்கூடக் காத்து உண்டு” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

புதனும் வியாழனும் ஒட்டினோம். சூடான வச்சிரப் பசை. வெளியே விடாத மழை. ஈரக்காற்றில் பசை காயவில்லை என்று டீச்சர் வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தார். தோலின் முதுகுப் பகுதியாகப் பார்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளி காலை பத்து மணி. துருத்தியை நிரப்பி மோட்டாரை அணைத்தோம். பதினைந்து எண்ணுவதற்குள் பலகை படுத்துவிட்டது.

மறுபடி காற்றை நிரப்பி, ஜெயராஜ் அண்ணன் ஊதுபத்தி கொளுத்தினார்.

“சர்ச்சுக்குள்ள ஊதுபத்தியோ!”

“ஓட்டை பாக்கத்தான் டீச்சர், பூசைக்கில்ல.”

மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு மூலைகளிலும் புகை சிதறியது. மற்ற இடமெல்லாம் சரி. அப்போதுதான் என் தவறு புரிந்தது. முதுகுத் தோல் முதல் தரம். பாடமும் தொழிற்சாலையும் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தன. செருப்புக்கு அது சரி. துருத்தியின் மூலையோ பலகை ஏறும்போது விரிந்து, இறங்கும்போது மடங்கவேண்டும். விறைத்த முதுகுத் தோல் வளையாமல், ஒட்டிய ஓரத்தைப் பெயர்த்துவிட்டது. இழுத்தால் இழுத்த பக்கம் வருவது வயிற்றுத் தோல். நெகிழ்கிறது என்பதற்காகத்தான் தொழிற்சாலையில் அதை ஒதுக்குகிறார்கள்.

அம்மா சுற்றிக் கொடுத்த துண்டுகள் எங்கே என்று தேடினேன். முட்டி வலிக்காமலிருக்க ஜெயராஜ் அண்ணன் அவற்றின் மேல்தான் மண்டியிட்டிருந்தார்.

“அண்ணே, எந்திரிங்க.”

“எளவு, கொண்டுவந்த பட்ட விட்டுட்டுக் கோணியத் தைக்கப் போறியா மக்கா?”

“ஆமா.”

என் வேலையை நானே பிய்த்தேன். அதுதான் கடினமாக இருந்தது. வயிற்றுத் துண்டுகளில் எட்டு தேறின, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஓரம் சீவி, இழுத்துப் பார்த்து, மாலைக்குள் எட்டையும் ஒட்டினேன். டீச்சர் ஒவ்வொரு மூலைக்கும் சூடுகாற்று காட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தார்.

சனி, மாலை நான்கு மணி. செயலாளர் வந்தார். டீச்சர் மெல்லிய குழல் வரிசை ஒன்றை மட்டும் திறந்து ஒரு கீர்த்தனையை வாசித்தார். கடைசி வரி தொடங்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் செயலாளர் மோட்டாரை அணைத்தார். டீச்சரின் விரல் நிற்கவில்லை. பின்னால் நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியது, மெல்ல, மிக மெல்ல. பாட்டு முடிந்தபோதும் நான்கு விரற்கடை காற்று மிச்சமிருந்தது.

“கீபோர்டு வேண்டா” என்றார் செயலாளர். டீச்சர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். பசையும் தோல் வாசனையும் அப்பிய கைகள். ஊரில், தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இந்த வாசனைக்குத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அவர் வெகுநேரம் விடவில்லை.

ஞாயிறு காலை ஆராதனையின்போது ஆர்கனுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் எல்லோரும் பாடினார்கள். இங்கே எட்டு மூலைகளும், தூங்கும் ஆட்டின் வயிறுபோல, விரிந்து மடங்கிக்கொண்டிருந்தன.

பதினொன்றரை ரயிலில் திரும்பினேன். அடுத்ததாகக் கோட்டயத்தில் ஓர் ஆர்கன். அதன் அளவுகளை ஜெயராஜ் அண்ணன் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். நாகர்கோவில் தாண்டியதும் மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

“வயித்துத் தோல் வேணும்ணே. இருபது துண்டு எடுத்து வைங்க.”

“கழிவா? எதுக்கு?”

“வேலைக்கு.”

மறுமுனையில் தாள் புரளும் ஓசை. “ஆர்டர்னா எழுதணும். யார் பேருல போட?”

என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.