எஸ்ராவுக்கு அளக்காத நெல்

இந்த ஊரில் தண்ணீர் பாயும்போது பக்கத்தில் ஆள் நிற்பதில்லை. தென் கரோலினாவுக்கு வந்த புதிதில் என்னை மிரளவைத்தது உயரக் கட்டடமோ அகலச் சாலையோ அல்ல, இதுதான். காலையில் புல்தரைக்குள்ளிருந்து குழாய்கள் தாமாகத் தலைநீட்டி, விசிறியடித்துவிட்டு, தாமாகவே உள்ளே போய்விடுகின்றன. வீட்டுக்காரர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் நடைபாதையில் ஓடிச் சாக்கடைக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இது கைக்குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. முதல் வாரமே நான் குந்தி உட்கார்ந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீரை மண் அணைத்துப் புல்லுக்கே திருப்பிவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். மரியாதைக்காக நானும் கொஞ்ச நேரம் தேடினேன்.

கணினி வேலை பார்த்துப் பார்த்து இடுப்பு பெருத்த, ஐம்பதைத் தொட்ட மனிதனுக்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார்: நடை, அல்லது நாலு பேரோடு பழக்கம். உட்கார்ந்தபடி செய்யக்கூடியது இரண்டாவது என்பதால் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். அங்கே எடுத்துக்கொண்டது இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தே ஆகவேண்டிய, யாரும் கடைசிவரை படிக்காத ஒரு தடித்த நாவல். கதை நடப்பது இதே கடலோரம். ஒரு காலத்தில் இது நெல் விளைந்த பூமி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் சதுப்பை வெட்டி, வரப்புப் போட்டு, மதகு வைத்து விளைவித்த நெல். நாவலிலோ தோட்டத்துத் துரை குதிரைமேல் வருகிறார், நெல் விளைந்துவிடுகிறது. நடுவில் எஸ்ரா என்று ஒரு கிழட்டு அடிமை, வாசகர் சிரிப்பதற்காக. பட்டப்பகலில் வாய்க்காலுக்குள் காலைப் போட்டுக்கொண்டு வரப்பில் படுத்துத் தூங்குவான். துரையின் விருந்தாளிகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தப் பக்கம் வந்ததும் வட்டத்தில் பலருக்கும் முகம் சுருங்கியது. இப்படி ஒரு மனிதனைச் சோம்பேறியாக வரைவது இழிவு என்றார்கள். நான் கை தூக்கினேன். "அவர் தூங்கவில்லை, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். ஓய்வுபெற்ற பல்மருத்துவர் ஃபிராங்க் கண்ணை மூடித் தலையாட்டினார். "தியானம்" என்றார். இந்தியாவிலிருந்து வந்தவன் எதைச் சொன்னாலும் அது தியானத்தில்தான் போய் முடிகிறது.

எங்கள் வயலுக்குக் கருப்பையா என்று ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். மலையிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கிவிட்டது என்றால், எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் பாடு. உச்சி வெயிலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, ஒரு காலை வாய்க்காலில் விட்டபடி வரப்பில் படுத்துவிடுவார். மேலே எவனாவது தண்ணீரை மறித்தால் கணுக்காலில் தண்ணீர் மட்டம் இறங்கும். காலுக்குத் தெரிந்தால் ஆளுக்குத் தெரிந்த மாதிரி. துண்டை விலக்காமலே குரல் வரும்: "ஏலே, மேல் மடையில எவன்டா கைய வச்சது?" அரைமைல் தள்ளி ஒருவன் மண்வெட்டியைக் கீழே போடுவான்.

இதை நான் இங்கிலீஷில் விளக்கி முடித்தேன். எனக்குப் பக்கத்தில் டெனிஸ் இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், கறுப்பினப் பெண்மணி. அவருடைய முன்னோர்கள் இந்தச் சதுப்பில்தான் அடிமைகளாக இருந்து நெல் விளைவித்தவர்கள். "நூறு தடவை படித்திருக்கிறேன்" என்றார். "ஒரு தடவைகூட அவர் காலைப் பார்க்கவில்லை." அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குத் தலை காரின் கூரையில் இடித்தது. பள்ளத்தாக்கைத் தாண்டி எதற்கும் உதவாது என்று நான் நினைத்திருந்த ஓர் அறிவு, கடல் தாண்டி ஒரு மனிதனின் மானத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பெருமைப்படாமல் இருக்க நான் என்ன ஞானியா?

வசந்த காலத்தில் நூலகத்தில் ஒரு பொது நாள். நாவலில் வாய் திறக்காத யாராவது ஒருவர் சொல்வதாக ஒரு பகுதியைத் திரும்ப எழுதி வாசிக்க வேண்டும். நான் எஸ்ராவை எடுத்துக்கொண்டேன். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் எஸ்ரா அலுவலக மின்னஞ்சல் மாதிரி பேசினார். தமிழில் எழுதினேன். "தொரை போறாக. கூட வந்தவுக சிரிக்கிறாக. சிரிச்சுட்டுப் போகட்டும். என் காலு தண்ணிக்குள்ள கெடக்கு. அவுக திங்கிற சோறு இந்தக் காலுக்குக் கீழதான் ஓடுது." தடையில்லாமல் வந்தது. பத்தி பத்தியாகப் போய், அறுவடையும் முடித்தேன். பிறகு இங்கிலீஷாக்கி டெனிஸிடம் கொடுத்தேன். நான் தமிழில் ஒரு பத்தி, அவர் இங்கிலீஷில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் வேண்டாம் என்றால் நானும் வாசிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவருடைய முன்னோரை அவர் எதிரிலேயே நான் தனியாக மேடையேற்றினால், குதிரைமேல் வந்த துரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

டெனிஸ் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இங்கே அவருக்கு நெல் கொடுக்கிறார்களே, யார் கொடுத்தது?"

"களத்தில் அளக்கிறார்கள். நீர்பாய்ச்சிக்கு முதலில் அளப்பதுதான் வழக்கம்."

"யார் வழக்கம்?"

களம் என்று எழுதிய கை யோசிக்காமல் மரக்காலையும் எடுத்துவிட்டது. பள்ளத்தாக்கில் நெல் வீட்டுக்குப் போகுமுன் தண்ணீர் பாய்ச்சியவருக்கு அளந்தாக வேண்டும். அது நடக்காத ஓர் அறுவடை என் மண்டைக்குள் இல்லவே இல்லை. அடிமைக் களத்தில் அடிமைக்குக் கூலி அளந்து கொடுத்த முதல் எழுத்தாளன் நானாகத்தான் இருக்கும். "யாரும் எதுவும் கொடுக்கவில்லை" என்றார் டெனிஸ். கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "இப்படியே இருந்தால் என்னால் வாசிக்க முடியாது."

கம்பத்தில் விவசாயம் பார்க்கும் என் அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தமிழ்ப் பிரதியை அவருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்.

"நல்லாத்தான்யா எழுதிருக்க மாப்ள. நம்ம கருப்பையாவ அப்பிடியே கொண்டாந்துட்ட."

"கடைசியில களத்துல நெல்லு அளக்குறது தப்பாம் மச்சான். அவருக்கு ஒண்ணும் குடுக்கலையாம்."

"வெளஞ்சதுக்கு அப்பொறமுமா?"

"அடிமை மச்சான். ஆளே அவுக சொத்து."

அவர் குரலுக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தத் தொரை வெவசாயம் பாக்குற சம்சாரியே இல்லப்பா. தண்ணி பாச்சுன ஆளுக்கு அளக்காத நெல்ல எப்பிடி வீட்டுக்குக் கொண்டு போவான்? அந்தாளு ஏன் மடையப் போட்டுட்டு எந்திரிச்சுப் போகல?"

அக்கா பின்னாலிருந்து கத்தினாள்: "எங்க போவாக? கருப்பையாவுக்கு வீடு இருந்துச்சு, போனாக. இவருக்கு என்ன இருக்கு?"

அவள் சொன்னது ஒரு சித்திரை மாதத்துச் சம்பவம். சித்தப்பா ஏதோ வார்த்தையை விட்டுவிட்டார் என்று கருப்பையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். வயல் வெடிக்க ஆரம்பித்தது. அப்பாவும் சித்தப்பாவும் அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கூப்பிட்டார்கள். கருப்பையா எழுந்து உட்காரவில்லை. "நாளைக்கிப் பாப்பம்" என்றார். நிலம் வைத்திருந்த இருவரும் வெயிலில் திரும்பி நடந்து வந்தார்கள்.

இதை டெனிஸிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இந்த ஊருக்கு வந்து நான் கேட்ட சிரிப்புகளிலேயே பெரியது. கருப்பையா படுத்துக்கொண்டே சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எஸ்ராவுக்கு இது இல்லை. அதை எழுதுங்கள்" என்றார்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். "வெளஞ்சது படகுல ஏறுது. எனக்குன்னு ஒரு மணி இல்ல. கோவம் வருது. கோவிச்சுக்கிட்டுப் போயி உக்கார எனக்கு ஒரு வீடு இல்ல. ஆனா தண்ணிக்குத் தெரியும். எங்கன நிக்கணும், எங்கன போகணும்னு நான் சொன்னாத்தான் கேக்கும். தொரை சொல்லிப் பாக்கட்டும்." டெனிஸ் இதை இங்கிலீஷில் படித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, எங்கெங்கே மூச்சு விடுவது என்று குறிக்க ஆரம்பித்தார். வாசிக்கிறேன் என்று அவர் வாயால் சொல்லவேயில்லை.

பொது நாளன்று இருவரும் நின்றுகொண்டு வாசித்தோம். நான் ஒரு பத்தி, அவர் ஒரு பத்தி. "கோவிச்சுக்கிட்டுப் போயி" என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது. தமிழ் தெரியாத கூட்டம் அதைக் கலைநயம் என்று எடுத்துக்கொண்டது. அவர் முடித்தபோது முதல் வரிசையில் இருந்த அவருடைய உறவினர்கள் எழுந்து நின்றார்கள். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. கம்பத்துப் பேச்சு இந்த நாட்டில் கைதட்டல் வாங்கிவிட்டது என்று நான் அக்காவுக்கு எழுதினேன். பாதி கைதட்டல் டெனிஸுக்கு என்பதை அடுத்த செய்தியில் சேர்த்துக்கொண்டேன்.

நூலகத்தில் ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். டெனிஸின் பெரியம்மா அதை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் பின்கூடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். எஸ்ரா எந்தத் தோட்டத்து ஆள், நம் குடும்பமா என்று கேட்டார்களாம். அதைக் கம்பத்துக்கும் அனுப்பினேன்; அங்கே கேட்பதை மச்சான் வீடியோவாக அனுப்பியிருக்கிறார். வரப்பில் கைபேசியைச் சாத்தி வைத்திருக்கிறார், சுற்றிலும் நாலைந்து பேர். "இந்த எஸ்ரா எந்த ஊருப் பக்கம்ணே, சின்னமனூரா?" என்று ஒருவர் கேட்கிறார். "நம்ம பக்கந்தான்யா, பேச்சப் பாத்தாலே தெரியலையா" என்கிறார் மச்சான். அப்போது டெனிஸின் பத்தி வருகிறது. யாரும் தாண்டிவிடச் சொல்லவில்லை. புரியாத பேச்சுக்குத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார்கள். நான் பிறந்த வயலின் நாற்றுக்கு மேல் டெனிஸின் குரல் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே, அவருடைய முன்னோர் வெட்டிய சதுப்புக்குப் பக்கத்துத் தேவாலயக் கூடத்தில், என் குரல் முடிவதற்காக வேறொரு கூட்டம் அதேபோல் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது.