ஜப்பானுக்காக நான் ஆடிய பருவம்

பத்து வயதில் நான் ஜப்பானுக்காக ரக்பி ஆடினேன். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருவிலிருந்த மற்றத் தமிழ்ப் பெண்பிள்ளைகள் ஞாயிறு காலையில் சலங்கை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் முழங்கால் வரை சேறோடு, எனக்கு ஒரு சொல்லும் விளங்காத பாஷையில் கத்திக்கொண்டு ஒரு நீள்வட்டப் பந்தின் பின்னால் ஓடினேன்.

எல்லாம் அப்பாவின் வேலையால் வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பா நில அளவையாளர். லண்டனில் அவருக்குக் கிடைத்தது, பார்க்கிங் என்ற இடத்தின் பக்கத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. புல் வெட்டுவார், கம்பங்களுக்கு வர்ணம் அடிப்பார், வெள்ளைக் கோடு போடுவார். அவருக்கு முன்பு இருந்தவர் கண்மதிப்பில் கோட்டை இழுத்துவிடுவாராம். அப்பா கயிறு பிடித்து, மூலைக்கு மூலை செங்கோணம் பார்த்துத்தான் போடுவார். காணிச் சண்டை தீர்க்கப் போன மாதிரி ஒரு முகம் அப்போது அவருக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானத்துக்கு ஒரு ஜப்பான் கம்பனியின் லண்டன் கிளையில் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பெரியவர்களுக்கு ஓர் அணி, பிள்ளைகளுக்கு ஓர் அணி. அவர்களின் தலைவர் நாற்பது வயது கடந்த கட்டையான மனிதர். கல்லூரி நாட்களில் ஆடியதில் இரண்டு காதும் நசுங்கி, காய்ந்த அத்திப்பழம்போல இருக்கும். அவருடைய பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அவர் கப்டன். வந்த முதல் நாளே கோடுகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இந்த நாட்டில் நான் கண்ட முதல் நேர்க்கோடு" என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அதை அம்மாவிடம் மூன்று தரம் சொன்னார்.

அம்மா அங்கேயே மைதானத்துக் கட்டடத்தின் சமையலறையில் தேநீர் ஊற்றி, ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தார். என்னைத் தனியே வீட்டில் விட முடியாது. சும்மா நின்று குளிரில் விறைப்பதைவிட ஓடலாமே என்று நான் அந்தப் பிள்ளைகளோடு பயிற்சியில் சேர்ந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். அவர்களிடம் இருந்ததே ஒன்பது பேர். மாசி மாதம் கப்டனின் மகன் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். ஏற்கெனவே இரண்டு முறை ஆள் போதாமல் போட்டியைக் கைவிட்டிருந்தார்கள். மூன்றாவது முறையும் அப்படியானால் சுற்றுப்போட்டியிலிருந்து நீக்கிவிடுவோம் என்று அமைப்பாளர்கள் எழுதிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கப்டன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும், கையில் மடிப்புக் கலையாத தாளில் சுற்றிய ஓர் இனிப்புப் பெட்டி. பெண் கேட்க வந்தவர் போலத்தான் இருந்தார். அன்றைக்கென்று டூட்டிங்கிலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தார். என்னை விளையாட அனுப்ப முடியுமா என்று கப்டன் கேட்டதை அப்பா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையைச் சேத்துக்கை உருட்டப் போறியளோ? நாளைக்குக் கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பொறுப்பு?"

"கையை முறிச்சது இவரின்ரை பெடியன், அக்கா. என்ரை பிள்ளை இல்லை" என்றார் அம்மா.

அம்மாவுக்கும் உள்ளூர விருப்பம் இருந்திராது. ஆனால் பெரியம்மா வேண்டாம் என்று சொன்ன எதையும் அம்மா செய்யாமல் விட்டதில்லை, கலியாணம் உட்பட.

"உங்களுக்குள்ளை ஏன் சண்டை? பிள்ளையைக் கேளுங்கோவன்" என்றார் அப்பா.

"நான் விளையாடுவன்" என்றேன்.

கப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து வணங்கினார். பெரியம்மாவுக்குச் சற்றுக் கூடுதலாகவே குனிந்தார். பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மழை. எதிரணிப் பயிற்சியாளர் நெட்டையான மனிதர். வரிசையில் நின்ற என்னைக் கண்டதும் கப்டனிடம் போனார்.

"இது பெண்பிள்ளை. அதோடு இவள் ஜப்பான்காரியும் இல்லையே?"

"எங்கள் சட்டை போட்டிருக்கிறாள். இரண்டில் எதை விதி தடுக்கிறது என்று காட்டுங்கள்" என்றார் கப்டன்.

நெட்டையர் விதிப் புத்தகம் எதையும் காட்டவில்லை. எல்லைக்கோட்டில் கொடியோடு நின்ற அப்பாவைப் பார்த்து, யாராவது இந்தப் பிள்ளையின் நன்மையை யோசித்தீர்களா என்று கேட்டார். அப்பாவின் ஆங்கிலம் சுருக்கமானது. "என் மகள். ஆடுவாள்" என்று சொல்லிக் கொடிக்கம்பைத் தரையில் ஊன்றினார். அப்பா அப்படிப் பேசி நான் முன்பு கேட்டதில்லை. லண்டனுக்கு வந்த பிறகு அவர் எல்லோரிடமும் "தாங்க் யூ" என்று தொடங்கி "தாங்க் யூ" என்று முடிப்பவர்.

ஆட்டம் எப்படிப் போனது என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இடைவேளைக்குள் முப்பத்தைந்துக்குப் பூச்சியம். எதிரணிப் பையன்கள் எங்களைவிட ஒரு தலை உயரம். அவர்களில் ஒருவன் என்னை மூன்றாவது முறை விழுத்தியபோது, எழும்ப விடாமல் காதருகே குனிந்து, உன் நாட்டுக்குப் போ என்றான். எந்த நாட்டுக்கு என்று எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கா, டோக்கியோவுக்கா? இரண்டுக்கும் வழி தெரியாத கோபத்தில், அடுத்த முறை பந்து கையில் வந்ததும் எதிர்ப்பக்கக் கோட்டைப் பார்த்து ஓடினேன். ஒருவன் சட்டையைப் பிடித்தான், உதறினேன். இன்னொருவன் சேற்றில் வழுக்கினான். நெட்டையர் "பிடி, பிடி" என்று கத்துவது கேட்டது. அப்பா போட்ட வெள்ளைக் கோடு என் காலடியில் வந்து பின்னால் போனது.

ரக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. பந்தைக் கையால் தரையில் அழுத்தி வைக்க வேண்டும், அப்போதுதான் புள்ளி. நான் குனிந்தேன். ஈரப்பந்து மீன்போலக் கையிலிருந்து வழுக்கி முன்னால் போய் விழுந்தது. விசில் ஊதினார்கள். ஐம்பத்தைந்துக்குப் பூச்சியத்தில் தோற்றோம்.

சமையலறையில் இருந்ததால் அம்மா எதையும் பார்க்கவில்லை.

"என்னடி, கோட்டைத் தாண்டினியாம்?"

"ஓம்."

"அப்ப புள்ளி வந்ததோ?"

"ஓம்" என்றேன்.

அப்பா பக்கத்தில் சப்பாத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். தொடர்ந்து தட்டினார். அன்று பின்னேரமே அம்மா டூட்டிங்குக்குத் தொலைபேசி எடுத்தார். "வெள்ளைக்காரப் பெடியள் ஆறு பேரைத் தாண்டிப் போய்ப் புள்ளி எடுத்தவள், அக்கா" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பேர் என்று நான் சொல்லவே இல்லை. அதை அப்பாதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் மாதம் உலகக் கோப்பை. மைதானத்துக் கட்டடத்தில் எல்லோரும் கூடித் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஜப்பான் நியூசிலாந்திடம் நூற்று நாற்பத்தைந்துக்குப் பதினேழு என்று தோற்றது. நூற்றைத் தாண்டிய பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. மறுநாள் பள்ளியில் ஒருவன் என் கணக்குக் கொப்பியில் 145 என்று பெரிதாக எழுதி வைத்திருந்தான். நான் அதன் கீழே 17 என்று எழுதி, "இது எங்களுடையது" என்றேன்.

அடுத்த ஞாயிறு பருவம் முடியும் விருந்து. ஒவ்வொரு வருடமும் அன்று கப்டன் ஜப்பான் ரக்பியின் அந்த ஆண்டு முழுவதையும் எழுதி வந்து வாசிப்பார். தேசிய அணி, கம்பனி அணிகள், பல்கலைக்கழகங்கள், உயர்பள்ளிகள், கடைசியாக லண்டனில் நாங்கள். முதலில் ஜப்பானிய மொழியில் வாசித்து, பிறகு ஆங்கிலத்தில் வாசிப்பார். எட்டுப் பிள்ளைகளோடு என் பெயரும் அதில் வரும் என்று அறிந்து பெரியம்மா பட்டுச்சேலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் கப்டன் எதையும் விடாமல் எழுதுகிறவர் என்பது எனக்குத் தெரியும்.

மைதானத்துச் செயலாளர் நல்ல மனிதர், வயதான ஆங்கிலேயர். அவர் கப்டனிடம் வந்து, போன ஞாயிற்று ஆட்டத்தை இன்றைக்கு விட்டுவிடலாமே, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான் அதை மனதார ஆமோதித்தேன். ஒன்றை விட்டால் இன்னொன்றையும் விடலாம் அல்லவா?

"அவர்கள் எண்பது நிமிடமும் ஆடினார்கள். நானும் முழுவதையும் வாசிப்பேன்" என்றார் கப்டன்.

வாசித்தார். கோபே நகரத்து உருக்காலை அணி தொடர்ந்து ஏழாவது வருடமாகச் சம்பியன் ஆனதையும், இரண்டே நாளில் நிலநடுக்கம் அந்த நகரத்தை இடித்துப் போட்டதையும் அடுத்தடுத்த வரியில் வாசித்தார். பனிக்காலத்து உயர்பள்ளிப் போட்டியில் முதல் நாளே தோற்று ஊர் திரும்பிய பள்ளிகளின் பெயர்களையும் வாசித்தார். உலகக் கோப்பையில் ஆடிய மூன்றிலும் தோல்வி. நூற்று நாற்பத்தைந்து என்பதை விழுங்காமல் சொன்னார். அதே குரலில், "நாம் இரண்டு முறை அவர்களின் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தோம்" என்றார். முழு நேரமும் நிமிர்ந்தே நின்றார். தோற்றுப்போன ஒருவர் அப்படி நின்று வாசிப்பது அப்போது எனக்கு வெட்கமில்லாத காரியமாகப் பட்டது.

பிறகு எங்கள் முறை. பெயர் பெயராக வந்தது. என் பெயரைச் சொல்லித் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆறு பேரைத் தாண்டினாள். கோட்டையும் தாண்டினாள். பந்து கைநழுவியது. புள்ளி இல்லை."

பெரியம்மா பட்டுச்சேலை சரசரக்கத் திரும்பினார். "எடி, புள்ளி வந்ததெண்டெல்லோ கொம்மா சொன்னவள்?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வீட்டில் விளக்கம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் சபையில் அவர் சொன்னது வேறு.

"ஆறு பேரைத் தாண்டினது பொய்யில்லைத்தானே, அக்கா? நீங்கள் ஒருத்தரைத் தாண்டுங்கோ பாப்பம்."

அப்பா இருமினார், சிரிப்பை அப்படித்தான் மறைப்பார். என் காது இரண்டும் எரிந்தன. அழுதுவிடுவேன் என்ற பயத்தில் எழுந்து நின்றேன். "அடுத்த பருவம் பந்தை வைப்பன்!" என்று தமிழில் கத்தினேன். கப்டனுக்கு விளங்கவில்லை என்று கண்டு, அதையே ஆங்கிலத்தில் இன்னும் உரக்கக் கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. கப்டனின் மனைவி எழுந்து சமையலறைக்குள் போனார். அம்மா பின்னால் போனார். பரிமாறும் சின்ன யன்னலுக்குள்ளால் எனக்குத் தெரிந்தது: இருவரும் ஒரே பாஷை பேசாத பெண்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கப்டனின் மனைவி அழுதுகொண்டிருந்தார். ஒரு பந்தைக் கைநழுவ விட்டதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அம்மா எனக்கு உண்மையைச் சொன்னது பல வருடங்கள் கழித்து. கம்பனி தன் லண்டன் கிளையை மூடப்போவதாக மே மாதமே கடிதம் வந்துவிட்டதாம். கோடை முடிவதற்குள் எல்லாக் குடும்பமும் திரும்பிப் போக வேண்டும். மைதானத்தை விட்டுவிடுவதாகச் செயலாளருக்கும் அறிவித்துவிட்டார்கள். அணி கலைகிறது என்று பிள்ளைகளிடம் விருந்துக்குப் பிறகு சொல்வதாக இருந்தார்கள். அடுத்த பருவம் என்று ஒன்று கிடையாது என்பது அந்த அறையிலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும், அப்பாவுக்கும்கூட, தெரிந்திருந்தது.

கப்டன் என்னைப் பார்த்துக் குனிந்தார். எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்குக் குனிந்ததையும் விட ஆழமாக. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் அடியில் மிச்சமிருந்த வெள்ளையில் 'வரும் பருவம்' என்று எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதினார். எந்த இடத்தில் ஆட விரும்புகிறாய் என்று கேட்டார். ஓரத்தில் ஆடிச் சலித்துவிட்டது, நடுவில் வேண்டும் என்றேன். நடுவில் நிற்பவர்கள் அதிகம் அடி வாங்குவார்களே என்றார். பரவாயில்லை, ஆனால் பயிற்சி செப்டம்பர் முதல் ஞாயிறே தொடங்க வேண்டும், இந்த வருடம்போலப் பிந்தக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். சரி என்று தலையாட்டி, அதையும் எழுதிக்கொண்டார்.